காரைக்குடியில் ஏற்றுமதி உதவி மையம் அமைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆத்தங்குடித் தரைக்கல், கண்டாங்கிச் சேலை, கொட்டான் (பனையோலைக் கூடை), பலகாரத் தொழில் செய்வோர்,
காரைக்குடி வட்டாரம், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தலைவர், மாவட்ட ஏற்றுமதி மேம்பாட்டுக் குழு,
சிவகங்கை.

பொருள்: செட்டிநாட்டுச் சிறு உற்பத்தியாளர்களின் சரக்கு இலங்கைக்கும் தென்கிழக்காசியாவுக்கும் நேரடியாகச் செல்ல வழிசெய்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்துமாக்கடலுக்குள் நீண்டு நிற்கும் இந்தியாவின் அமைவிடம் பெரும் செல்வம் என்று மேடைதோறும் பேசப்படுகிறது. உண்மைதான். ஆனால் அந்தச் செல்வத்தில் நல்ல பங்கைக் கொழும்பு எடுத்துக்கொள்கிறது. நம் நாட்டின் சரக்கில் வேறு கப்பலுக்கு மாற்றி அனுப்பப்படுவதில் ஏறத்தாழ 75 சதவீதம் வெளிநாட்டுத் துறைமுகங்களில் கையாளப்படுவதாகவும், அதிலும் 85 சதவீதத்துக்கு மேல் கொழும்பு, சிங்கப்பூர், மலேசியாவின் கிள்ளான் ஆகிய மூன்றுக்கே போவதாகவும் மத்திய துறைமுக அமைச்சகமே கூறியிருந்தது. 2025 மே மாதம் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதால் இந்த நிலை மாறக்கூடும். மகிழ்ச்சி. ஆனால் ஆழ்கடல் துறைமுகம் கட்டினால் மட்டும் ஆத்தங்குடியில் இருக்கும் கல் கப்பலேறிவிடாது. எங்கள் குறை கடற்கரையில் இல்லை, ஊருக்குள் இருக்கிறது.

இதை நாங்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஊர்களில் துறைமுகம் கிடையாது; வானம் பார்த்த பூமி. இங்கிருந்துதான் நகரத்தார் வணிகர்கள் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் சைகோனுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழிலும் வணிகமும் செய்ய, போனார்கள். போனவர்களுக்குத் துணையாக இருந்தது தூரம் குறைவு என்பது மட்டுமன்று. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் (பொதுக் கடைக்கூடத்தில்) ஒரே இடத்தில் ஆளுக்கொரு பெட்டியை வைத்துக்கொண்டு பல கடைக்காரர்கள் தொழில் செய்தார்கள். இடம் பொது, சமையல் பொது, சந்தைச் செய்தியும் பொது. கணக்கு மட்டும் அவரவருடையது. மூன்று வருடக் கணக்கு முடித்துக் கடையை நடத்திய முகவர் ஊர் திரும்பினால், அடுத்தவர் போய் அதே பெட்டியடியில் உட்கார்ந்தார். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நேரத்தில் தொடங்கப்பட்டது இந்தப் பழக்கத்தின் நீட்சிதான். 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும், விடுதலைக்குப் பின் அங்கே நிலங்கள் நாட்டுடைமை ஆனதும் அந்த ஏற்பாட்டைக் குலைத்தன. கடல் அதே இடத்தில்தான் இருக்கிறது.

இப்போதைய நிலையைச் சொல்கிறோம். ஆத்தங்குடி கல்லுக்குச் சூளை இல்லை; கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. கையால் செய்வதால் ஒரு வீட்டுக்கான அளவில்தான் வேலை வருகிறது. கல் கனமான சரக்கு. கொள்கலனில் பாதி இடம் நிறைவதற்குள் எடை வரம்பு வந்துவிடும். ஆகவே சிறு ஆர்டரை வேறு இலகுவான சரக்கோடு சேர்த்துத்தான் அனுப்ப முடியும். அப்படிச் சேர்த்துத் தருபவர் இங்கே இல்லாததால் சென்னையில் உள்ள இடைத்தரகர் வழியே போகிறது. தூத்துக்குடியில் இருந்து ஓர் இரவில் கப்பல் சேரும் கொழும்புக்கு, வடக்கே சென்னை போய்த் திரும்பிய கல்லும் உண்டு. உழைப்பு எங்களுடையது, லாபம் இடைத்தரகருடையது என்று எழுதினால் கசப்பாகத் தோன்றும், ஆனாலும் எழுதவேண்டியிருக்கிறது.

கல்லை அடைக்கும் மரப்பெட்டியும் விதிப்படி, பூச்சி இல்லாதபடி வெப்பத்தாலோ மருந்துப் புகையாலோ பதப்படுத்தி முத்திரை பெற்றிருக்க வேண்டும். இல்லையெனில் அந்நாட்டுத் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள். கொட்டான் பனையோலை என்பதால் பூச்சியும் நோயும் இல்லை என்னும் தாவர நலச் சான்றிதழ் கேட்கிறார்கள். தேன்குழலுக்கும் சீப்புச்சீடைக்கும் எத்தனை நாள் தாங்கும் என்ற ஆய்வறிக்கையும் அந்நாட்டு விதிப்படி ஒட்டுச்சீட்டும் வேண்டும். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெய்பவருக்கு நேரடி வெளிநாட்டு வாடிக்கையாளர் கிடைத்தாரா என்பதைத் தாங்களே விசாரித்தறியலாம்.

சலுகைகள் இல்லாமல் இல்லை. இலங்கையுடனான தடையற்ற வணிக ஒப்பந்தம் 2000 மார்ச் முதலும், ஆசியான் நாடுகளுடனான சரக்கு வணிக ஒப்பந்தம் 2010 முதலும் நடப்பில் உள்ளன. ஒப்பந்தத்தில் சேர்ந்த பொருளுக்கு வரிச் சலுகை பெற, அது எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் தோற்றச் சான்றிதழ் வேண்டும். அதை இணையவழியே வாங்கலாம் என்கிறார்கள். பட்டறையில் சிமெண்டுக் கையோடு நிற்பவர் சுங்கப் பட்டியலின் எந்தப் பொருள் எண்ணில் விண்ணப்பிப்பது என்று யாரைக் கேட்பார்?

ஆகவே காரைக்குடியிலேயே, இன்றைய தேவைக்கேற்ற ஒரு கிட்டங்கியைக் கேட்கிறோம். புதுக் கட்டடம் வேண்டாம். மாநகராட்சியில் ஓர் அறை போதும். வாரத்தில் குறித்த நாள்களில் மாவட்டத் தொழில் மைய அலுவலரும், உரிமம் பெற்ற சுங்கத் தரகரும், வங்கி அலுவலரும் அங்கே அமர வேண்டும். விண்ணப்பம் நிரப்பித் தர அழகப்பா பல்கலைக்கழக வணிகவியல், மேலாண்மை மாணவர்களைப் பயிற்சிக்காக அமர்த்தலாம். பல பட்டறைகளின் சரக்கைச் சேர்த்துத் தூத்துக்குடிக்கு அனுப்பும் நாளையும் அந்த அறையே அறிவிக்கட்டும்.

அரசின் சிட்கோ தொழிற்பேட்டையில் பதப்படுத்திய பெட்டி கிடைக்கும் பொதுச் சிப்பமிடும் கூடம் ஒன்றும் வேண்டும். வாடகை கொடுக்கத் தயாராக இருக்கிறோம். சேலை, கொட்டான் போன்ற இலகு சரக்குக்கு அஞ்சல் துறையின் ஏற்றுமதித் திட்டமே போதுமானது. காரைக்குடித் தலைமை அஞ்சலகத்தில் அதற்கெனப் பழக்கப்பட்ட ஊழியர் அன்றாடம் இருக்குமாறு அஞ்சல் துறைக்குத் தாங்கள் எழுத வேண்டுகிறோம். நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் கப்பலில் சிறு வணிகச் சரக்கையும் ஏற்றும் வாய்ப்பைப் பரிசீலிக்கும்படி அரசுக்குப் பரிந்துரைக்கவும் கோருகிறோம்.

செட்டிநாட்டு விமான ஓடுதளம் பற்றி ஆண்டுக்கணக்கில் பேசியாயிற்று. இந்த மனுவில் அதைச் சேர்க்கவில்லை.

மாவட்ட ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துக்கொண்டு, எங்கள் பிரதிநிதிகள் ஆளுக்கொரு மாதிரிப் பொருளுடன் வந்து பேச நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காரைக்குடி வட்டாரச் சிறு உற்பத்தியாளர்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)