வெங்காயம் விற்றுச் சீனி வாங்கிய காலம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம்; நீங்கள் எல்லோரும் அங்கே சுகமாக இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் இளமைக்காலத்தில் கடையும் சந்தையும் எப்படி இருந்தன என்று பேத்தியின் பள்ளிக்கூட வேலைக்காகக் கேட்டிருந்தாய். கூடவே, "பாணுக்கு வரிசையில் நின்ற காலந்தானே, பாவம் நீங்கள்" என்றும் சொன்னாய். பேக்கரிப் பாணுக்கு வரிசையில் நின்றது உண்மை. ஆனால் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, எங்களைப் பார்த்துப் பாவம் என்று சொல்லத்தக்க காலம் அதுவன்று. தொலைபேசியில் சொன்னால் அரைகுறையாகப் போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

1970 ஆம் ஆண்டில் இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் வந்தது. வெளிநாட்டுச் செலாவணி போதாமையால் இறக்குமதிகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். 1973 இல் உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேறியபோது நிலைமை இன்னும் இறுகியது. வீட்டில் பங்கீட்டுச் சாமான் வாங்க ஆளுக்கொரு கூப்பன் புத்தகம் இருக்கும். அதைக் கொண்டு கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனால், மனேச்சர் கூப்பனை வெட்டி எடுத்துக்கொண்டு, அரிசியைக் கொத்து என்ற அளவையால் அளந்து பையில் கொட்டி, சீனியைக் காகிதச் சரையில் சுற்றித் தருவார். பையும் போத்தலும் நாங்களே கொண்டுபோக வேண்டும். மண்ணெண்ணெய்ப் போத்தலின் கழுத்தில் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு நடப்பது சின்னப் பிள்ளைகளின் வேலை. சீத்தைத் துணி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் ஊரே அங்கு திரளும். ஒரு தைப்பொங்கலுக்கு எங்கள் ஒழுங்கையிலிருந்த பெண்பிள்ளைகள் எல்லோரும் ஒரே பூப்போட்ட சட்டையோடு கோயிலுக்கு வந்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அவர்களில் உன் மாமியும் ஒருத்தி.

கூப்பன் சீனி மாத முடிவுவரை வராது. அதனால் தேநீரை வெறுமனே ஊற்றி, பனங்கட்டியில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்போம். உன் அப்பம்மாவுக்கு அதுதான் பிடிக்கும். சீனி இருக்கும் நாளிலும் அவர் பனங்கட்டியைத்தான் கேட்பார். பாணுக்கு விடியுமுன்பே பேக்கரி வாசலில் நிற்கவேண்டியிருந்தது. கிடைக்காத நாளில் மரவள்ளிக் கிழங்கு, குரக்கன் பிட்டு, ஒடியற்கூழ். எங்கள் வளவிலும் தோட்டத்திலும் விளைந்தவை இவை. ஆகவே நாங்கள் பசியோடு படுத்ததில்லை.

இனி, நீ அறியாத பகுதிக்கு வருகிறேன். வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் வராமற் போனதும், நாடு முழுவதும் எங்கள் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணைத்தான் பார்த்தது. அதுவரை உன் அப்பப்பா தோட்டத்து வரும்படியில் கடனை அடைத்து, அடுத்த போகத்துக்கு மறுபடியும் கடன் வாங்குவதே வழக்கம். அந்தத் தடை வந்தபின் சின்ன வெங்காயத்துக்குக் கிடைத்த விலை எங்களுக்கே நம்ப முடியாததாக இருந்தது. கிண்டி எடுத்த வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டி வீட்டுக் கூரை வளைகளில் தூக்கிவைப்போம். விலை ஏறும்வரை அந்த மணத்துக்குக் கீழேதான் படுப்போம், படிப்போம். பிறகு சுன்னாகச் சந்தைக்கு வண்டியில் கொண்டுபோவோம். அங்கு அந்தர் என்ற நிறையளவில் நிறுத்து வாங்கும் வியாபாரிகள் லொறிகளில் ஏற்றி, கொழும்புப் புறக்கோட்டைக்கு அனுப்புவார்கள். மிளகாய்க்காகக் காடு வெட்ட வன்னியில் கிளிநொச்சிப் பக்கமும் விசுவமடுப் பக்கமும் போன இளைஞர்களில் என்னோடு படித்தவர்களும் இருந்தார்கள்.

வெங்காயம் விற்ற கையோடுதான் நாங்கள் சாமான் வாங்குவோம். அதனால் சந்தை எனக்கு விற்கும் இடமாகவும் வாங்கும் இடமாகவும் ஒருங்கே இருந்தது. கொடிகாமத்துத் தேங்காயும் சாவகச்சேரிப் பலாப்பழமும் அங்கு வந்து இறங்கும். கத்தரிக்காயைக் கூறுகட்டி வைத்திருப்பார்கள். கடகமும் சுளகும் பெட்டியும் ஒரு பக்கம், புகையிலை இன்னொரு பக்கம். மீனுக்கென்று அப்பம்மா தனியாக ஓர் உமல், அதாவது ஓலைப் பை, வைத்திருந்தார். விலை பேசும்போது அவர் குரலை உயர்த்தியதே இல்லை. எதிரில் இருப்பவளும் தன்னைப்போல் விளைவித்துக் கொண்டுவந்தவள் என்பதால், இரண்டு சதம் குறைத்துக் கேட்பாரே தவிர, பொருளைப் பழித்துப் பேசமாட்டார். அந்த மரியாதையை நான் வேறெந்தக் கடையிலும் அவ்வளவு நெருக்கமாகக் கண்டதில்லை. அதைப் பேத்தி கட்டாயம் எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

அந்தக் காசில்தான் எங்கள் ஓலை வீடு ஓட்டு வீடாயிற்று. கிணற்றடியில் துலாவுக்குப் பதிலாக மண்ணெண்ணெயில் ஓடும் நீர் இறைக்கும் இயந்திரம் வந்தது. மாமியின் கலியாணத்துக்கு, நகைக்கடைகளுக்குப் பேர்போன கன்னாதிட்டியில் நகை செய்வித்தோம்.

இதே ஆண்டுகளில் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நடந்தது முற்றிலும் வேறு. காணியில்லாத, சம்பளத்தையும் கூப்பனையும் மட்டுமே நம்பியிருந்த அந்த மக்கள் 1973, 1974 ஆம் ஆண்டுகளில் பட்டினி கிடந்தார்கள், பலர் இறந்தும்போனார்கள். பிழைப்புத் தேடி வன்னிக்கு வந்த குடும்பங்களும் உண்டு. எங்களை உயர்த்திய அதே கட்டுப்பாடு அவர்களை வதைத்தது என்ற நினைவு எனக்கு எப்போதும் உண்டு. பேத்தி எழுதும்போது இதை விட்டுவிடக் கூடாது. எங்கள் தோட்டத்துக் கதையை மட்டும் எழுதினால் அது பாதி உண்மைதான்.

1977 யூலையில் ஜே. ஆர். ஜெயவர்த்தனா ஆட்சிக்கு வந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. கடைகளில் நைலோன் துணியும் யப்பான் கசெற் வானொலியும் நிறைந்தன, 1979 இல் கூப்பனுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. பாண் வரிசை மறைந்தது எல்லோருக்கும் நிம்மதிதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வந்து இறங்கியதும், எங்கள் சந்தையில் விலை சரிந்தது. காட்டை வெட்டி மிளகாய் நட்ட என் நண்பர்கள் சிலர் தோட்டத்தை விட்டுவிட்டு மத்திய கிழக்குக்குப் போனார்கள்.

கூப்பன் புத்தகத்தின் படம் வேண்டுமென்று கேட்டிருந்தாய். போரால் 1995 இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டிலிருந்த கடதாசிகள் எல்லாம் போய்விட்டன. மாமி வீட்டில் பழைய அளவைகளான கொத்தும் சுண்டும் இருக்கின்றன. அடுத்த கிழமை போய்ப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். பேத்தி எழுதி முடித்ததும் எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டட்டும். ஆங்கிலத்தில் எழுதினாலும் நீ பக்கத்திலிருந்து சொன்னால் எனக்கு விளங்கும்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா