பொங்கல் முடிந்ததும் காலியாகும் பெஞ்சு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளி இடைநிற்றல் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் 'பெற்றோரிடம் விழிப்புணர்வு குறைவு' என்றிருந்த வரி மனதை உறுத்துகிறது. விழுப்புரம் மாவட்டத்தில், அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவள் என்பதால் எங்கள் ஊர் நிலையைச் சொல்கிறேன்.

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் தெருவுக்கு லாரி வந்துவிடும். ஐப்பசி அடைமழையில் வேலை இல்லாதபோது, செங்கல் சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அரிசி மூட்டை, பாத்திரம், கோழிக்கூடை, அதற்கு மேல் பிள்ளைகள். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் செங்கல் சூளைக்குப் போனால் வைகாசி வரை அங்கேதான். இங்கே முழு ஆண்டுத் தேர்வு நடக்கும்போது பிள்ளை அங்கே வெயிலில் சுடாத பச்சைக்கல்லைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கும்.

என் திண்ணைக்கு வந்த ஒரு பையனைச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பு. கரும்பலகையில் இருப்பதை அச்சு மாதிரி பார்த்து எழுதுவான்; ஒரு வார்த்தை படிக்கத் தெரியாது. ஒருநாள், 'வரிசைக்கு 25 கல், 40 வரிசை, மொத்தம் எத்தனை?' என்று கேட்டேன். மற்றவர்கள் பென்சிலைத் தேடுவதற்குள் 'ஆயிரம்' என்றான். அப்பாவுக்கு மேஸ்திரியிடம் கணக்குப் பார்ப்பதே அவன்தானாம். அப்புறம் கல், மண், அச்சு, சூளை என்று அவனுக்குத் தெரிந்த சொற்களிலிருந்தே எழுத்தைத் தொடங்கினோம். ஆடியில் வந்தவன் கார்த்திகையில் பஸ் போர்டு படித்தான். தை பிறந்தது, லாரி வந்தது, போய்விட்டான். பள்ளியில் அவன் பெயரை, மாணவர் விவரம் வைக்கும் கல்வித் துறையின் 'எமிஸ்' கணினிப் பதிவில் 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள்; அதிலிருந்து வேறு பள்ளி எடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சூளைக்குப் பக்கத்தில் எந்தப் பள்ளியும் அவனை எடுத்துச் சேர்க்கவில்லை.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களுக்கு ஈடாக வரும்படி சிறப்புப் பயிற்சியும் தரச் சொல்கிறது. 5ஆம் பிரிவு வேறு பள்ளிக்கு மாறும் உரிமையைத் தருகிறது. எங்கள் பகுதியில் வகுப்பில் சேர்ப்பது நடக்கிறது. பயிற்சியைத்தான் காணோம்.

இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபரில் எங்கள் மாவட்டத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பைப் பிடிப்பதற்காக வந்த திட்டம். தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள், வகுப்பு மாலையில் நடந்தது. அதில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது ஒன்று: பாடம் நடத்துபவள் அதே தெருக்காரி. எந்த வீட்டில் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பது எங்களுக்கு ஐப்பசியிலேயே தெரியும். பள்ளிக்கு மாசியில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் தெரிகிறது.

ஆகவே கிளம்பப்போகும் குடும்பங்களின் பட்டியலைப் பள்ளி மேலாண்மைக் குழு கார்த்திகைக்குள் எடுக்க வேண்டும். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தானே, அவர்களுக்குத் தெரியாத வீடு ஏது? உடன் போகும் பிள்ளைகளின் விவரம் சூளைக்கு அருகிலுள்ள பள்ளிக்கு முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும்.

ஊரிலேயே தங்கக்கூடிய பிள்ளைகளுக்குப் பருவகால விடுதி வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் எங்கேயோ ஓர் ஊரில் விடுதி வைத்தால் எந்தத் தாயும் பெண் பிள்ளையை விடமாட்டாள். போன தையில் ஒரு அக்கா லாரியில் ஏறும்போது, 'நீ பாத்துக்கிறியா, விட்டுட்டுப் போறேன்' என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பிள்ளைகளை இரவில் வைத்துக்கொள்ள என் வீட்டில் இடம் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு பள்ளியில் கிடைக்கிறது, மதியம் சத்துணவு இருக்கிறது. பள்ளி நாட்களில் இராச் சாப்பாடும், பாதுகாப்பாகப் படுக்க ஒரு அறையும், கூட இருக்க ஊர்க்காரப் பெண் ஒருவரும்தான் பாக்கி. சனி ஞாயிறுக்கு மூன்று வேளையும் பார்க்க வேண்டும், சரி. தை முதல் வைகாசி வரை ஒரு ஊருக்கு இவ்வளவு செய்ய முடியாதா?

மேஸ்திரி இந்த ஐப்பசியிலும் வருவார். அதற்குள் மாவட்டக் கல்வி அலுவலகம் எங்களைப் போன்ற தன்னார்வலர்களை ஒருமுறை கூப்பிட்டுப் பேசட்டும். எங்கள் தெருவில் கிளம்பக்கூடிய வீடுகளை என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தன்னார்வலர்,
விழுப்புரம் மாவட்டம்