முதலில் கதவைப் பார்

அன்பு நண்பா,

குடோனை வாடகைக்குப் பிடித்து, சொந்தப் பாட்டு வாசிக்கிற பேண்டுகளுக்கு இடம் தரப்போகிறாய் என்று படித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாம் நடத்திய ஷெட்டை இடித்துவிட்டார்கள், தெரியுமா? பக்கத்தில் அடுக்குமாடி வந்தது, குடிவந்தவர்கள் சத்தம் என்று புகார் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2014-லும் இங்கிலாந்தில் 2018-லும் இதற்கு விதியே கொண்டுவந்தார்கள்: ஏற்கெனவே இசை நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்ட வருபவர்தான் சத்தத்தைத் தடுக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். நியாயம் அதுதானே?

சுவரெல்லாம் கம்பளி தொங்கவிடப்போவதாக எழுதியிருந்தாய். தொங்கவிடு, எதிரொலி குறையும், பாடுகிற வார்த்தை புரியும். ஆனால் வெளியே போகிற சத்தம் அதற்கெல்லாம் நிற்காது. பேஸ் கிட்டாரும் காலால் அடிக்கிற கிக் டிரம்மும் தரையிலும் சுவரிலும் இறங்கிப் பக்கத்து வீட்டுக் கட்டிலை அதிரவைக்கும். டிரம்ஸுக்கு அடியில் கனமான ரப்பர் பாய் போட்டு, அதன்மேல் பலகை வை. சின்ன அறையில் டிரம்ஸுக்கு மைக்கே வேண்டாம், குரலுக்கு மட்டும் ஸ்பீக்கர் போதும், டிரம்ஸ் சத்தத்துக்கு ஏற்ப கிட்டார் ஆம்ப், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்குகிற பெட்டியின் சத்தத்தை இறக்கச் சொல். இறக்க மாட்டார்கள், விடாமல் சொல்லு.

அப்புறம் வாசல். நீ அனுப்பிய படத்தில் ஒரே ஷட்டர்தான் தெரிகிறது, அதைப் பார்த்ததிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. 2016 டிசம்பர் 2 அன்று அமெரிக்காவின் ஓக்லாந்தில் கோஸ்ட் ஷிப் என்ற கிடங்கில் தீப்பிடித்து 36 பேர் இறந்துபோனார்கள். கச்சேரி மாடியில், கீழே இறங்க இருந்த படிக்கட்டுகளில் ஒன்றின் ஒரு பகுதி சரக்கு அடுக்கும் மரத் தட்டுகளால் கட்டியது. அவர்களும் நம்மைப் போல இசைக்காக வந்தவர்கள்தான். அதற்குப் பிறகு வேறு ஊர்களிலும் இப்படிப்பட்ட இடங்களைச் சோதனை போட்டு மூடினார்கள். அதனால் ஆம்ப் வாங்குகிற காசில் முதலில் இன்னொரு கதவு போடு. ஒரு ஜங்ஷன் பாக்ஸில் இன்னொன்றைச் சொருகி நான்கு ஆம்ப் ஓட்டுகிற நம் பழைய வேலை வேண்டவே வேண்டாம், அந்தப் பிளக் எப்படிச் சுடும் என்று என் விரலுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

குடி விற்றால் வாடகை வந்துவிடும் என்று உன் கூட்டாளி சொல்கிறாராம். அமெரிக்காவின் பெர்க்லியில் 924 கில்மன் என்ற பங்க் இசை அரங்கம் 1986 கடைசி நாளில் திறந்தது. குடி கிடையாது, அடிதடி கிடையாது, எந்த வயசுக்காரரும் வரலாம், வேலை பார்ப்பதெல்லாம் தன்னார்வலர்கள். பதினைந்து வயசில் மேடைக்குப் பக்கத்தில் நின்று கேட்கிற பிள்ளைதான் அடுத்த பேண்டை ஆரம்பிக்கும், அந்தப் பிள்ளையை வாசலில் நிறுத்துகிற இடம் எனக்கு வேண்டாம்.

சரி, திறப்பு நாளன்று வந்து கேபிள் சுருட்டித் தருகிறேன். அதற்கு முன்னால் இரண்டாவது கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி