போர்வைத் தையலுக்கு ‘டை கட்டிங்’ இயந்திரம் தேவையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் ‘க்வில்ட்’ வேலையை, வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய தொழிலாக அறிமுகப்படுத்தித் தங்கள் நாளிதழின் மகளிர் பகுதியில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். தேவையான பொருட்களின் வரிசையில், தையல் இயந்திரத்துக்கு அடுத்தபடியாகவே, துணியை அச்சில் வைத்து அழுத்தி வெட்டும் ‘டை கட்டிங்’ இயந்திரமும் அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. ஈரோட்டில் என்னிடம் தையல் பயிலும் பெண்களில் சிலர், சுய உதவிக் குழுவில் கடன் பெற்றாவது அதை வாங்கிவிடலாமா என்று இப்போது கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலைத் தங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்: ஒரே அளவில், ஒரே வடிவில், அதுவும் வளைவான வடிவில் நூற்றுக்கணக்கான துண்டுகள் திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டுமே அந்த இயந்திரம் போட்ட பணத்தைத் திருப்பித் தரும். மற்றவர்களுக்கு ஒரு ரோட்டரி கட்டர் (உருட்டி வெட்டும் வட்டக் கத்தி), வெட்டும்போது துணிக்கு அடியில் விரிக்கும் ஒரு கட்டிங் மேட், கனமான அக்ரிலிக் ஸ்கேல் ஒன்று ஆகிய மூன்றும் தாராளமாகப் போதும்.

இயந்திரத்தைக் கண்ணால் பார்க்காதவர்களுக்காக அதன் வேலைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பலகையில் வேண்டிய வடிவத்துக்கு எஃகுத் தகட்டை வளைத்துப் பதித்து, அதைச் சுற்றி ஸ்பாஞ்சு ஒட்டியிருப்பார்கள், அதுதான் டை. அதன் மேல் பருத்தித் துணியை ஆறு அடுக்கு வரை விரித்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தகட்டை வைத்து, கைப்பிடியைச் சுற்றி இரண்டு உருளைகளுக்கு நடுவே அனுப்பினால், அழுத்தத்தில் துணி வெட்டுப்பட்டு ஆறு துண்டுகளும் ஒன்றுபோல வெளியே வரும். ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் காலணிக்குத் தோல் வெட்டுவதும், சிவகாசியில் அட்டைப்பெட்டி வெட்டுவதும் அடிப்படையில் இதே முறைதான். போர்வைத் தையலுக்கென்று ‘அக்யூகுவில்ட்’, ‘சிசிக்ஸ்’ போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் இத்தகைய இயந்திரங்களை வீட்டு அளவில் தயாரிக்கின்றன. இயந்திரத்துக்கு ஒரு விலை, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக டை ஒன்றுக்கு ஒரு விலை, இறக்குமதிச் செலவு தனி என்று கூட்டிப் பார்த்தால், நல்ல தையல் இயந்திரம் ஒன்றின் விலையை அது எளிதில் தாண்டிவிடும்.

ரோட்டரி கட்டர் என்பது வட்டமான பிளேடு ஒன்றைக் கைப்பிடியில் பொருத்திய கருவி. ஜப்பானின் ‘ஓல்ஃபா’ நிறுவனம் 1979-இல் அதை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பு அட்டையில் வடிவம் வரைந்து, துணியில் அதை வைத்துக் கோடிட்டு, ஒவ்வொரு துண்டாகக் கத்தரிக்கோலால் வெட்டி வந்த போர்வைக் கலைஞர்கள், அதற்குப் பிறகு துணியை அடுக்கி வைத்து, ஸ்கேலின் ஓரமாகப் பிளேடை உருட்டிப் பட்டை பட்டையாக வெட்டி, அந்தப் பட்டைகளைக் குறுக்கே வெட்டிச் சதுரங்களாக்கும் முறைக்கு மாறினார்கள். போர்வைத் தையலில் உண்மையான வேகம் வந்தது அந்த மாற்றத்தால்தான் என்பது என் உறுதியான எண்ணம். டை இயந்திரம் அந்த வேகத்தின் மேல் சேர்க்கும் கூடுதல் பயன் எவ்வளவு என்பதைத்தான் நாம் கணக்கிட வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இருவர் படுக்கும் கட்டிலுக்கு 90 அங்குல நீள அகலத்தில், தைத்து முடித்த பின் 6 அங்குலம் வரும் சதுரங்களால் ஒரு போர்வை என்று வைத்துக்கொள்வோம். வரிசைக்கு 15 வீதம் 225 சதுரங்கள் தேவை. தையலுக்காகச் சுற்றிலும் கால் அங்குலம் விட வேண்டுமாதலால் ஒவ்வொரு சதுரத்தையும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். 44 அங்குல அகலமுள்ள துணியில் கரையை நீக்கினால், ஆறரை அங்குலப் பட்டை ஒன்றிலிருந்து ஆறு சதுரங்கள் கிடைக்கும். ஆக 38 பட்டைகள், அதாவது சுமார் 6.27 மீட்டர் துணி. பட்டையை ஒரு முறை மடித்து, இரண்டு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெட்டினால், மூன்று நான்கு உருட்டலில் 12 சதுரங்கள் கையில் இருக்கும். பழகிய கை இந்த வேலை முழுவதையும் ஒரு பிற்பகலுக்குள் முடித்துவிடும்.

இதே வேலையை டை இயந்திரத்தில் செய்தால் ஆறு அடுக்கு வீதம் 38 முறை கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அதற்கு முன்பு, துணியை டையின் அளவுக்கு ஏற்பப் பட்டைகளாக வெட்டித்தான் ஆக வேண்டும். அதற்குக் கத்தரிக்கோலோ ரோட்டரி கட்டரோ எப்படியும் தேவைப்படும். இந்த முன்வேலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மேலும், எஃகு விளிம்பு முழுவதையும் துணி மூடியிருக்க வேண்டும் என்பதால் சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாக விட்டாக வேண்டும். பக்கத்துக்குக் கால் அங்குலம் என்று வைத்துக்கொண்டாலும் பட்டையின் அகலம் 7 அங்குலமாகிறது. 38 பட்டைகளுக்கு 6.76 மீட்டர் தேவைப்படுகிறது. ஒரு போர்வைக்கு அரை மீட்டர் துணி வெட்டுக்கழிவாகப் போகிறது. பரப்பளவில் பார்த்தால், ஆறரை அங்குலச் சதுரத்துக்கு 16 விழுக்காடு கூடுதல் துணி செலவாகிறது. இரண்டரை அங்குலச் சதுரத்தைத் தனியாக வெட்டினால் இந்தக் கூடுதல் 44 விழுக்காடாக உயர்கிறது. ஒரே பலகையில் பல சதுரங்களை நெருக்கமாகப் பதித்த டை இருந்தால் இழப்பு குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கரூரிலிருந்து எடைக்கு வாங்கி வரும் வெட்டுத்துணியில் ஒழுங்கற்ற துண்டுகளே அதிகம் இருக்கும். அவற்றை அப்படியே டையின் மேல் போட்டு வெட்டும் வசதியும் உண்மையிலேயே உண்டு. மீட்டர் கணக்கில் புதுத் துணி வாங்கித் தைப்பவர்களுக்கு அந்த வசதியால் பயன் இல்லை.

நம் ஊர்த் துணியின் குணத்தையும் இங்கே கருத வேண்டும். டையில் கால் அங்குலத் தையல் விடுப்பு ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கும். அதை நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. நெருக்கமாக நெய்த பாப்ளின் போன்ற துணிக்கு அது போதும். கதரும், தளர்வாக நெய்த கைத்தறிப் பருத்தியும், பழைய சுங்குடிச் சேலையும் ஓரத்தில் நூல் பிரியும் தன்மை உடையவை. சில முறை துவைத்ததும் அந்தக் கால் அங்குலம் தேய்ந்து, தையல் விட்டுப்போகும் ஆபத்து உண்டு. ரோட்டரி கட்டரும் ஸ்கேலும் இருந்தால் அரை அங்குலம் விட்டு வெட்டிக்கொள்ளலாம். அளவை மாற்றிக்கொள்ளும் இந்தச் சுதந்திரத்தை, கைத்தறித் துணியில் வேலை செய்யும் எவரும் விலை கொடுத்து இழக்கக் கூடாது என்று நினைக்கிறேன். கைத்தறி போர்வைக்கு ஆகாது என்று இதற்குப் பொருளில்லை. நன்றாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வெட்டினால், அது பாப்ளினைவிட அழகாகவே அமையும்.

துணியின் போக்கும் முக்கியம். உருளைகளுக்கு நடுவே போகும்போது துணி இழுபடும். பாவு நூல் (துணியின் நீளவாட்டில் ஓடும் நூல்) உருளை ஓடும் திசையில் இருந்தால் இழுபாடு குறைவு. ஊடை நூல் (அகலவாட்டில் ஓடும் நூல்) அந்தத் திசையில் இருந்தால் சதுரம் சற்றே நீள்சதுரமாகிவிடும். அந்தச் சிறு வேறுபாடு 15 துண்டுகள் கொண்ட ஒரு வரிசையில் சேர்ந்து வரும்போது, மூலைகள் ஒன்றோடு ஒன்று பொருந்தாமல் போர்வை நெளிந்து நிற்கும். திருப்பூர் பனியன் துணியை எந்தக் கருவியில் வெட்டினாலும், பின்புறம் ஃப்யூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் உள்துணி) ஒட்டாமல் துல்லியம் கிடைக்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு, இயந்திரத்தால் உண்மையான நன்மை கிடைக்கும் இடத்தையும் சொல்வதுதான் நியாயம். கால்வட்டத் துண்டும், அதைத் தழுவும் வளைந்த துண்டும் இணைந்து ஒரு சதுரமாகும் ‘டிரங்கார்ட்ஸ் பாத்’ என்ற பழைய அமெரிக்க வடிவம் ஒன்று உண்டு. 72 அங்குலத்துக்கு 90 அங்குலப் போர்வையில் 6 அங்குலச் சதுரங்கள் 180 வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு துண்டுகள் என்றால் 360 வளைவுத் துண்டுகள். கத்தரிக்கோலில் இதை வெட்டுவது கையையும் கண்ணையும் களைப்படையச் செய்யும் வேலை. இரண்டு துண்டுகளும் ஒரே பலகையில் உள்ள டையில் ஆறு அடுக்கு வைத்தால் 30 சுற்றில் முடியும். இத்தகைய போர்வைகளுக்கு ஆண்டு முழுவதும் கேட்பு (ஆர்டர்) இருக்கும் குழுவினர் தாராளமாக இயந்திரத்தை வாங்கலாம். மணிக்கட்டு வலியோ மூட்டு வலியோ உள்ளவர்களுக்கும், பிளேடை அழுத்தி உருட்டுவதைவிடக் கைப்பிடியைச் சுற்றுவது எளிதாக இருக்கும். அவர்களுக்கு நான் மேலே போட்ட கணக்கு பொருந்தாது. எப்போதாவது ஒரு வளைவுப் போர்வை தைப்பவர்கள், அக்ரிலிக் அச்சு ஒன்றைத் துணிமேல் வைத்து, 28 மில்லிமீட்டர் பிளேடு உள்ள சிறிய ரோட்டரி கட்டரால் நான்கு அடுக்காக வெட்டினாலே 90 வெட்டில் வேலை முடிந்துவிடும்.

முக்கோணத் துண்டுகளுக்கு டை அவசியம் என்று சொல்வதையும் நான் ஏற்கவில்லை. இரண்டு சதுரங்களைச் சேர்த்து வைத்து, மூலைவிட்டத்துக்கு இருபுறமும் கால் அங்குலத்தில் தைத்து, பிறகு நடுவே வெட்டினால் இரண்டு முக்கோணங்கள் இணைந்த சதுரங்கள் இரண்டு கிடைக்கும். முடித்த அளவைவிட 7/8 அங்குலம் பெரிதாகச் சதுரத்தை வெட்டினால் போதும். தைத்த பிறகே வெட்டுவதால், கிராஸாக (நூல் போக்குக்குச் சாய்வாக) உள்ள ஓரம் கையில் பட்டு இழுபடவும் வாய்ப்பில்லை. கணினி இணைப்புள்ள வெட்டும் கருவிகளைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 2017-இல் வந்த ‘கிரிக்கட் மேக்கர்’ போன்றவை நுணுக்கமான பூ, எழுத்து வடிவங்களுக்கு நல்லவை. பெரும்பாலும் ஒரே ஓர் அடுக்கைத்தான் வெட்டும் என்பதால், போர்வைக்கான மொத்த வெட்டுக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரோட்டரி கட்டர் வாங்குகிறவர்களும் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். தொடக்கத்துக்கு 45 மில்லிமீட்டர் பிளேடு ஏற்றது. குண்டூசியின் மேல் ஒரு முறை ஏறினாலும் பிளேடில் பல் விழும். அதன் பிறகு ஏறக்குறைய ஒவ்வொரு 14 சென்டிமீட்டருக்கும் ஓரிடத்தில் நூல் வெட்டுப்படாமல் நிற்கும், ஏனெனில் அந்தப் பிளேடின் சுற்றளவு அவ்வளவுதான். இந்த அடையாளத்தைக் கண்டதும் பிளேடை மாற்றிவிட வேண்டும். அழுத்தி வெட்டினால் கட்டிங் மேட்டும் கெடும், கையும் வழுக்கும். மேட்டை வெயிலிலோ மூடிய காரிலோ வைத்தால் வளைந்துவிடும்; அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது. ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் பிளேடின் மூடியை மூடும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வர வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் எந்தச் சமரசமும் கூடாது. விரலைத் துண்டாக்கும் அளவு கூர்மை அந்தப் பிளேடுக்கு உண்டு.

கருவியே இல்லாதவர்கள் காத்திருக்கவும் தேவையில்லை. பாப்ளின் துணியின் ஓரத்தில் சிறு வெட்டு வைத்துக் கிழித்தால் நூல் போக்கிலேயே நேர்ப்பட்டை கிடைக்கும். வட கர்நாடகத்தில், உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகப் பெண்கள் ‘கவந்தி’ என்ற போர்வையைப் பழைய துணிகளைக் கொண்டே தைக்கிறார்கள். ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளின் விளிம்பை மடித்து வைத்து, உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி கையாலேயே தைத்துப்போகும் அந்த முறையில் துண்டுகள் ஓர் அளவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் போர்வைகளைக் கலை ஆர்வலர்கள் தேடி வாங்குகிறார்கள்.

ஆகவே, குழுக் கடனில் இயந்திரம் வாங்க நினைப்பவர்கள், முதலில் தங்கள் கையில் இருக்கும் கேட்புகளில் ஒரே அளவுத் துண்டு எத்தனை வருகிறது என்று எழுதிப் பார்க்க வேண்டும். போர்வை வேலையில் வெட்டுவது முதல் கட்டம் மட்டுமே. துண்டுகளை இணைப்பது, பஞ்சு அடுக்கை நடுவே வைத்து மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பது, ஓரம் கட்டுவது ஆகியவற்றில்தான் பெரும்பகுதி நேரம் போகிறது. அந்த நேரத்தை எந்த டையும் குறைக்காது. அடுத்து, விற்பனையாளர் கொண்டுவரும் துணியில் வெட்டிக் காட்டுவதை ஏற்காமல், தாங்கள் பயன்படுத்தும் துணியையே எடுத்துச் சென்று, ஆறு அடுக்கு வைத்து வெட்டச் சொல்லி, மேல் துண்டையும் அடித் துண்டையும் ஸ்கேலால் அளந்து பார்க்க வேண்டும். ஒரே ஊரிலுள்ள நான்கைந்து குழுக்கள் சேர்ந்து ஓர் இயந்திரத்தைப் பொதுவில் வைத்துக்கொள்வதும், பெட்டித் தொழிலுக்கு டை செய்துதரும் உள்ளூர்ப் பட்டறைகளில் தங்கள் அளவுக்கு டை செய்ய முடியுமா என்று விசாரிப்பதும் கடன் சுமையைக் குறைக்கும் வழிகள். தங்கள் மகளிர் பகுதியில் இனி இத்தகைய தொழில் கட்டுரைகள் வெளிவரும்போது, கருவிகளைத் தொடக்கத்துக்குக் கட்டாயமானவை, கேட்பு வந்த பிறகு வாங்க வேண்டியவை என்று பிரித்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தையல் ஆசிரியை ஒருவர்,
ஈரோடு.