அக்டோபர் 29 வரை எட்டாத சேதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், ஜெருசலேமுக்காக ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் நடத்திய சிலுவைப் போர்கள் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைக் கத்தரித்து எங்கள் பத்தாம் வகுப்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். இந்த விஷயத்துக்குத் தமிழ் நாளிதழில் ஒரு முழுப்பக்கம் கிடைப்பது அபூர்வம். பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். அதனால்தான் அதிலுள்ள இரண்டு பிழைகளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஜெருசலேம் பறிபோன சேதி கேட்டுத்தான் எட்டாம் கிரகோரி போப்பாண்டவர் மூன்றாம் சிலுவைப் போருக்கு அழைத்தார் என்கிறது கட்டுரை. அவர் அந்த அழைப்பை விடுத்த லத்தீன் கடிதத்தை வரி வரியாகப் படித்தவள் நான். 'அவுதீத்தா த்ரெமெந்தி' என்று, அதன் முதல் சொற்களையே பெயராக வைத்து அழைக்கிறார்கள். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியை நாம் 'திருமன்னி வளர' என்று சொல்வதில்லையா, அதைப் போல. அதில் சுல்தான் சலாவுதீனிடம் சிலுவைப் படை ஹத்தீனில் தோற்றது இருக்கிறது. ஏசுவை அறைந்ததாக அவர்கள் நம்பிய சிலுவை மரத்தின் துண்டு எதிரி கைக்குப் போனது இருக்கிறது. ஆயர்கள் கொல்லப்பட்டதும், பிடிபட்ட டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் என்ற துறவிப் படைகளின் வீரர்களுடைய தலை வெட்டப்பட்டதும் இருக்கின்றன. ஜெருசலேம் விழுந்த சேதி மட்டும் அதில் இடம்பெறவில்லை. நகரம் சலாவுதீனிடம் சரணடைந்தது 1187 அக்டோபர் 2. இத்தாலியில் ஃபெராராவிலிருந்து கடிதம் புறப்பட்டது அக்டோபர் 29. இடையில் இருபத்தேழு நாள். சேதி இன்னும் கடலைத் தாண்டி வந்து சேரவில்லை.

இதைக் கவனிக்கக் கற்றுக் கொடுத்தவர் என் தாத்தா. செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் எங்கள் வீட்டு நிலப் பத்திரங்கள் மலையாளத்தில், மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டில் இருக்கும். "முதல்ல தேதியப் பாரு தாயி, அப்புறம் சமாச்சாரத்தப் படி" என்பார். எழுதியவனுக்கு அன்றைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைத் தேதிதான் சொல்லும் என்பார். கிரகோரி கடிதம் எழுதியது கொல்லம் 363. தாத்தா இருந்திருந்தால் அப்படித்தான் குறித்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவது பிழை எனக்கு இன்னும் வருத்தம் தந்தது. 1095 நவம்பர் 27 அன்று பிரான்சில் கிளெர்மோன் நகரில் முதல் சிலுவைப் போருக்கு அழைத்து இரண்டாம் அர்பன் போப்பாண்டவர் பேசிய பேச்சு என்று ஒரு பத்தியை மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை அன்றே எழுதிவைத்த பிரதி எதுவும் நம்மிடம் இல்லை. இருப்பவை, 1099-ல் சிலுவைப் படை ஜெருசலேமைப் பிடித்த பிறகு ஃபுல்சர், ராபர்ட், பால்ட்ரிக், கீபேர் ஆகிய வரலாற்றெழுத்தாளர்கள் அவரவர் நடையில் எழுதியவை. ஒன்று இருப்பது போல் மற்றொன்று இல்லை. வெற்றிக்குப் பின் எழுதியவர்கள் வெற்றி தெரிந்தேதான் எழுதினார்கள்.

ஆனால் அர்பனின் கடிதங்கள் சில உண்டு. 1096 செப்டம்பரில் இத்தாலியின் பொலோன்யா நகரத்தாருக்கு எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. மண்ணாசை, பொருளாசை இல்லாமல் போகிறவர்களுக்கே பாவ மன்னிப்பு என்கிறார். பாதிரியார்களும் துறவிகளும் மேலானவர்களின் அனுமதியின்றிப் புறப்படக் கூடாது. மணமான இளைஞர் மனைவியின் சம்மதமில்லாமல் போகக் கூடாது. படையெடுப்பைக் கிளப்பிவிட்டவர், தடுக்க வேண்டியவர்களைப் பற்றியும் கவலைப்படுகிறார்! இந்த மனிதர் மேற்கோள் குறிக்குள் இருக்கும் அந்த முழக்கத்தில் இல்லை. (இங்கே அப்போது முதலாம் குலோத்துங்கன் ஆட்சி. வகுப்பில் இதைச் சொன்னால்தான் பிள்ளைகளுக்குக் காலம் பிடிபடுகிறது.)

நான் பல்கலைக்கழகத்தில் இருப்பவள் இல்லை. புனலூரில் ஓய்வு பெற்ற பாதிரியார் ஒருவரிடம் பதினோரு வருடமாக லத்தீன் படிக்கிறேன். 2018-ல் அகலப் பாதை வந்த பிறகு சனிக்கிழமைதோறும் ரயிலில், அதற்கு முன் பஸ்ஸில். ஆரியங்காவு தாண்டிப் பதிமூன்று கண் பாலத்தில் வண்டி மெதுவாகும்போது வினைச்சொல் வாய்பாட்டைச் சொல்லிப் பார்ப்பேன். நூறு வருடங்களுக்கு முன் அச்சான கடிதத் தொகுப்புகள் இப்போது இணையத்தில் இலவசம். ஒரு கைபேசியும் நாற்பது பக்க நோட்டும் போதும்.

செங்கோட்டைக்கும் போப்புக்கும் என்ன சம்பந்தம் என்று ஆசிரியர் ஓய்வறையில் கேட்பார்கள். இந்த ரயில் போய் நிற்கிற கொல்லத்தை 1329-ல் மறைமாவட்டமாக்கி, ஜொர்தானுஸை அதன் ஆயராக நியமித்தவர் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் இருந்த இருபத்திரண்டாம் ஜான் போப்பாண்டவர். அதற்கும் கடிதம் உண்டு.

வரும் ஞாயிறு இணைப்பில் இந்த இரண்டு திருத்தங்களையும் தேதிகளோடு வெளியிட வேண்டுகிறேன். பலகையில் உங்கள் கட்டுரைக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சமூக அறிவியல் ஆசிரியை,
செங்கோட்டை.