கையெழுத்துக்கு முன் வரைபடம்

ஆசிரியருக்கு,

திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பரில் 24 வீடுகள் கொண்ட பிளாக் ஒன்று இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியேறிவிட்டதால்தான் உயிர்ப்பலி இல்லை. எனவே பழைய ஸ்லம் போர்டு (இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) கட்டடங்களை இடித்துக் கட்டுவதில் குடியிருப்போருக்கு மாற்றுக் கருத்து கிடையாது. முதலில் சம்மதக் கையெழுத்து, காலி செய்தபின் வரைபடம் என்ற வரிசையில்தான் சிக்கல்.

‘400 சதுர அடி வீடு’ என்றால் அது சுவர்களையும் சேர்த்த பிளிந்த் ஏரியாவா, சுவர் நீங்கலான கார்ப்பெட் ஏரியாவா என்று கூட்டத்திலேயே கேட்க வேண்டும். 20-க்கு 20 அடி வீட்டில் 9 அங்குலச் சுற்றுச்சுவர் மட்டும் ஏறக்குறைய 58 சதுர அடியைத் தின்றுவிடும், உள்சுவர்கள் தனி. அதனால் கையெழுத்துக்கு முன் மைதானத்தில் முழு அளவில் சுண்ணாம்புக் கோடு போட்டு, உள்ளே கட்டில், பீரோ, சிலிண்டர், தண்ணீர் டிரம் வைத்துப் பார்க்கட்டும். கதவைத் திறந்தால் பீரோவில் இடிக்குமா, துணி எங்கே காயும் என்பதைப் பெண்கள் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். கோடுகளை அழித்துப் போடுவது சுலபம், தூணை நகர்த்த முடியாது.

அடுத்தது பயனாளிகள் பட்டியல். ஒதுக்கீட்டு ஆணை இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். அதே வீட்டில் இரண்டு மகன்களின் குடும்பங்கள் இருக்கும். சில வீடுகள் கைமாறியிருக்கும். வரைவுப் பட்டியலை ஒவ்வொரு பிளாக்கின் படிக்கட்டிலும் ஒட்டி, ஒரு மாதமாவது ஆட்சேபணை கேட்டு, வாரிசுச் சான்றுக்கு அங்கேயே முகாம் போட வேண்டும். கட்டடம் இடிந்தபின் மின் இணைப்பும் இருக்காது, முகவரியும் இருக்காது. எதைக் காட்டி நிரூபிப்பார்கள்?

வரைபடத்தில் யாரும் பார்க்காதது கழிவுநீர்க் குழாய். வீடுகளின் எண்ணிக்கை கூடுகிறது. தெருவிலுள்ள குழாய் மட்டும் பழைய விட்டத்திலேயே கிடக்கிறது. முதல் பெருமழையிலேயே தரைத்தளக் கழிப்பறையில் கழிவுநீர் எதிர்த்துக்கொண்டு வரும். குழாயின் விட்டம், சரிவு, பம்பிங் நிலையத்தின் திறன் பற்றிக் குடிநீர் வாரியத்தின் எழுத்துப்பூர்வ பதிலை வரைபடத்தோடு இணைக்க வேண்டும். லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா, மாதப் பராமரிப்புக்கு வீட்டுக்கு எவ்வளவு என்பதும் அப்போதே தெரிய வேண்டும். மக்கள் கட்டும் தொகைக்கு ஈடாக அரசும் தரும் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம் நல்லதுதான். ஆனால் தொகையைச் சாவி கொடுக்கும் நாளில் சொன்னால் வாக்குவாதம்தான் மிஞ்சும். இட்லிக் கடைக்கும் இஸ்திரி வண்டிக்கும் தரைத்தளத்தில் இடம் குறிக்காமல் முழுவதையும் பார்க்கிங்காக விடுவது வேறொரு தலைவலி.

வெளியே தங்கும் காலத்துக்கான கருணைத் தொகை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்ந்தது. வேலை இரண்டு ஆண்டு இழுத்தால் மாதம் 1,000 ரூபாய்தான். சென்னையில் வீட்டு அட்வான்ஸுக்கே அது போதாது. மொத்தமாகக் கொடுத்துக் கைகழுவாமல், சாவி தரும் மாதம்வரை மாத வாடகையாக வங்கிக் கணக்கில் போடட்டும். தாமதத்தின் செலவு வாழ்விட வாரியத்தின் கணக்கில் ஏறினால் ஒப்பந்ததாரரை விரட்டவும் ஆள் இருக்கும்.

குடியிருப்போர் சிலர்,
வட சென்னை