மறுவெளியீட்டில் நகைச்சுவைப் படங்களுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

2004-ல் வந்த 'கில்லி'யை 2024-ல் மறுபடி திரையிட்டபோது, அது முதலில் வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள்கூட தியேட்டரில் எழுந்து ஆடினார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் மறுவெளியீடு என்றாலே ஏன் பெரும்பாலும் பெரிய நாயகர்களின் அதிரடிப் படங்களாகவே வருகின்றன?

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1964-ல் வந்தது. அதில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை நாம் இன்று செல்போனில் துண்டாகப் பார்த்து, தனியாகச் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம், அதையே அரங்கம் நிறைந்த கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்தால் பக்கத்து இருக்கைக்காரர் சிரிப்பே நம்மை இன்னும் சிரிக்க வைக்கும். 'மைக்கேல் மதன காமராஜன்' படத்துக்குக் கிரேஸி மோகன் எழுதிய வசனங்களும் அப்படித்தான், ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். இப்போதைய படங்களில் ஒருவரின் நிறத்தையும் உடம்பையும் கிண்டல் செய்வதையே நகைச்சுவை என்று நினைக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அப்புறம், நாவல் படமாகும்போதெல்லாம் 'புத்தகத்தில் இருப்பது இல்லையே' என்று புலம்புவதை நிறுத்தலாம். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு பொறியை மட்டும் எடுத்துக்கொண்டு மகேந்திரன் 1979-ல் 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். அது வேறு கதை, ஆனால் எவ்வளவு பெரிய படம்! அதையும் நல்ல பிரதியில் பெரிய திரையில் பார்க்க வேண்டும்.

வார நாள் காட்சிகளில் கூட்டம் குறைவு. அந்த நேரத்தில் குறைந்த கட்டணத்தில் இப்படங்களைப் போட்டுப் பார்க்கும்படி திரையரங்கு உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

- ஒரு வாசகர், திருச்சி